ஸ்நாக்ஸ் டப்பாவும் கடைவாய்ப் பல்லும்

பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், ராகி பிஸ்கட், தேன் தடவிய பிரெட். பிள்ளைக்கு நல்லதைத்தான் கொடுத்தனுப்புகிறோம் என்ற நிம்மதியோடு வீடுகளில் கட்டிக் கொடுக்கும் இடைவேளைத் தீனிகளில் இந்த நான்கும் முன்வரிசையில் நிற்கும். இரும்புச்சத்து, நார்ச்சத்து, புரதம் என்று பார்த்தால் முதல் இரண்டையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பல்லின் பக்கம் நின்று பார்த்தால் நான்குமே தொல்லை பிடித்தவை. உடம்புக்கு என்ன சத்து போகிறது என்பது ஒரு கணக்கு. அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, ஒரு நாளில் எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கைத்தான் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றில் பேர்போனது. நாம் தின்னும் சர்க்கரையை இவை தின்று அமிலத்தை வெளியே விடும். இனிப்பு பட்ட சில நிமிடங்களுக்குள் அந்தப் படலத்தின் பி.எச். (அமிலத்தன்மையை அளக்கும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லை தாண்டினால் பல்லின் கடினமான மேலோடாகிய எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் சுரந்து அமிலத்தை முறித்து, போன தாதுக்களில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இது நடந்து முடிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அதற்குள் அடுத்த பிஸ்கட் உள்ளே போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நான்கு பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்றால் ஒரு தாக்குதல். அதே நான்கை மணிக்கொன்றாகக் கொறித்தால் நான்கு. சர்க்கரை ஒரே அளவுதான், சேதம் ஒன்றல்ல.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1940-களின் பிற்பகுதியில் சுவீடனின் லுண்ட் நகருக்குப் பக்கத்தில் வீபெஹோல்ம் மருத்துவமனையில் நடந்த ஆய்வு. அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்களுடைய சம்மதம் என்று ஒன்று இல்லாமலே, ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் கிடைத்த முடிவு பல் மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தவர்களுக்குச் சொத்தை கொஞ்சமாகத்தான் கூடியது; சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் இனிப்பைத் தின்றவர்களுக்கு மளமளவென்று ஏறியது.

இப்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு மால்ட் மாவும் சர்க்கரையும் போட்ட பால். ஏழரைக்கு இட்லியோ தோசையோ. பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தோழன் நீட்டும் மிட்டாய். பத்தே முக்காலுக்கு இடைவேளை, க்ரீம் பிஸ்கட். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மதியம் முழுக்க தண்ணீர் பாட்டிலில் குளுக்கோஸ் கலந்த தண்ணீர், நினைத்தபோதெல்லாம் ஒரு வாய். நாலரைக்கு டீயும் பன்னும். டியூஷனில் யாருக்கோ பிறந்தநாள் சாக்லேட். ராத்திரி பல் தேய்த்த பிறகு இனிப்புப் பால். இதில் எதுவுமே தனியாகப் பார்த்தால் அளவு மீறியதில்லை. எந்தத் தாயும் ‘என் பிள்ளை இனிப்பே தின்னாது’ என்று மனசாரச் சொல்வாள். ஆனால் பல்லுக்கு ஓய்வு கிடைத்த நேரம் எது என்று தேடினால் ஒன்றிரண்டு மணி நேரம் கூடச் சேர்ந்தாற்போல் தேறாது. இதில் மிக மோசமானவை இரண்டு: பாட்டிலில் இருக்கும் குளுக்கோஸ் தண்ணீரும் கடைசிப் பாலும். முன்னது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக. பின்னது ஏன் மோசம் என்றால், தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடும், கழுவ ஆள் இல்லை. பாலில் சர்க்கரை வேண்டுமென்றால் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு பல் தேய்க்கட்டும். தேய்த்த பிறகு வெறும் தண்ணீர்தான்.

வெல்லம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பாக்டீரியாவுக்கு அது தீனிதான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக உண்டு, அவ்வளவே. அவை எனாமலைக் காப்பாற்ற வராது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமை அதற்குத் தகும். நிலக்கடலை தன்னளவில் பல்லுக்கு நல்ல பிள்ளை. அதைப் பிணைக்கும் பாகுதான் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் போய் அப்பிக்கொள்கிறது. அதற்காகக் கடலை மிட்டாயை வீட்டை விட்டே துரத்த வேண்டாம். இடைவேளை டப்பாவிலிருந்து எடுத்து மதியச் சாப்பாட்டு டப்பாவில், சாப்பிட்டு முடித்தவுடன் தின்னச் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே சாப்பாட்டால் உமிழ்நீர் ஊறிக்கொண்டிருக்கும் நேரம் அது. தனியாக ஒரு தாக்குதல் மிச்சம். எள்ளுருண்டை, பொரி உருண்டை, பேரீச்சை, உலர் திராட்சை எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். கமர்கட்டுக்கும் குச்சி மிட்டாய்க்கும் மட்டும் சலுகை தர மனம் வரவில்லை. பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று கன்னத்தில் அடக்கிச் சப்புவதற்கென்றே செய்தவை அவை. அந்த நேரம் முழுக்கச் சர்க்கரை வழிந்துகொண்டே இருக்கும்.

ஒட்டுவது எது என்பதில் நாம் அடிக்கடி ஏமாறுகிறோம். சாக்லேட் ஒட்டும், பிஸ்கட் உதிரும் என்றுதான் கைக்குத் தோன்றும். வாய்க்குள் நடப்பது தலைகீழ். வெறும் சாக்லேட் வாயின் சூட்டில் உருகி ஓரளவு சீக்கிரம் இறங்கிவிடும். பிஸ்கட், ரஸ்க், உருளைக்கிழங்கு சிப்ஸ், சோளப் பொரிப்பு வகையறா எச்சிலில் நனைந்து பசையாகி, பள்ளங்களிலும் பல்லிடுக்குகளிலும் வெகுநேரம் தங்கும். அதிலுள்ள மாவுச்சத்தை எச்சிலில் இருக்கும் அமிலேஸ் நொதி அங்கேயே மால்டோஸ் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். உப்பு பிஸ்கட் என்பதால் தப்பிவிடாது. ராகி பிஸ்கட், சிறுதானிய குக்கீஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ராகிக்கு முன்னால் மைதாவும் சர்க்கரையும் நிற்கும் பாக்கெட்டுகள் கடையில் நிறைய. பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும், ஆகவே முதல் மூன்று பெயர்கள் போதும்.

சர்க்கரை அளவுக்கும் ஒரு கை விரல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது: சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு 1,400 கலோரி சாப்பிடும் சின்னப் பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது 70 கலோரி, அதாவது பதினேழரை கிராம், நான்கு டீஸ்பூன் சொச்சம். ஒரு மாம்பழ பானத்தின் அட்டையில் 100 மி.லி.க்குச் சர்க்கரை 13 கிராம் என்று இருந்தால், 160 மி.லி. டப்பாவில் 21 கிராம் ஆகிறது. ஒரு உறிஞ்சுகுழலில் நாள் கணக்கு காலி. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது; அதையே பிழிந்து வடிகட்டிவிட்டால் வரும்.

சரி, டப்பாவில் என்னதான் வைப்பது? என் ஓட்டு முதலில் சுண்டலுக்குத்தான். அதைச் சரியாகச் செய்யாததால்தான் பாதி டப்பாக்கள் அப்படியே திரும்பி வருகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு உலர்ந்த கொண்டைக்கடலை 30 கிராம், பெரியவர் கையில் ஒரு பிடி, போதும். வெந்தால் இரு மடங்குக்கு மேல் ஆகும். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வேண்டும். சித்திரை வைகாசி ராத்திரிகளில் ஊறும் தண்ணீர் நுரைத்து வாடை வந்துவிடும், படுக்கப் போகும்முன் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், உப்பு சேர்த்து, குக்கரில் நான்கைந்து விசில். சோடா உப்பு போடாதீர்கள். சீக்கிரம் வேகும் என்று போடுகிறார்கள், கடலை குழைந்துபோகும்; குழைந்த கடலை மாவாகிப் பல்லின் பள்ளத்தில் அடைந்துகொள்ளும். பதம் இதுதான்: இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும், அழுத்தாதவரை தோல் உரியாமல் முழுசாக இருக்க வேண்டும். வெந்ததை வடிதட்டில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, அடிச்சட்டியில் ஈரம் போகும்வரை மூன்று நான்கு நிமிடம் புரட்ட வேண்டும்.

கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, பச்சைத் தேங்காய்த் துருவல். காலை ஏழு மணிக்கு மூடிய எவர்சில்வர் டப்பாவில், வெயில் காலத்தில், பதினொரு மணிக்குள் நூல் விட ஆரம்பித்துவிடும். தேங்காய் வேண்டுமென்றால் பொன்னிறமாக வறுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வறுத்த கடலைப் பொடி ஒரு ஸ்பூன் தூவுங்கள். இரண்டாவது, சூட்டோடு மூடுவது. மூடியில் ஆவி வியர்த்துச் சொட்டி, மேலே இருக்கும் கடலை கொழகொழத்துப்போகும், பிள்ளை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு மூடிவிடும். தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் டப்பா. கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றிக்கொண்டே வரலாம். முளைகட்டிய பாசிப்பயறை மட்டும் பச்சையாகக் கொடுத்தனுப்பாதீர்கள். ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தெடுத்தது டப்பாவில் தாக்குப் பிடிக்கும்.

சுண்டலுக்கு அடுத்தது அவித்த வேர்க்கடலை, வறுத்த கடலை, அவித்த முட்டை. நிலக்கடலை மென்றால் உமிழ்நீர் நன்றாக ஊறும், சர்க்கரையும் சொற்பம். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ் முழுக் கடலை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும், எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். சில பள்ளிகளில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தடை இருக்கும், கேட்டுவிடுங்கள். பன்னீர்த் துண்டுகளும் சீஸும் பல்லுக்கு மிக நல்லவை, அமிலத்தை முறித்துக் கால்சியமும் தருபவை. விலைதான் தினசரிக்கு இடிக்கும். பொடி தடவிய குட்டி இட்லியும் பொரியும் பொட்டுக்கடலையும் மாவுச்சத்துதான் என்றாலும் சர்க்கரை இல்லாதவை, பின்னாலேயே தண்ணீர் குடித்தால் போதும்.

பழத்தில் கொய்யாவுக்கு நிகரில்லை, அதுவும் செங்காய்ப் பதத்தில். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்காமல்தான் பல டப்பாக்கள் தோற்கின்றன. ஆறு முதல் எட்டு வயதுக்குள் முன்பற்கள் விழுந்திருக்கும். அந்தப் பிள்ளையால் கொய்யாவையோ கேரட்டையோ கடிக்கவே முடியாது. வெட்கப்பட்டுச் சொல்லவும் மாட்டான். டப்பாவை மூடி வைத்துவிட்டு நண்பனின் க்ரீம் பிஸ்கட்டில் பங்கு கேட்பான். சுண்டுவிரல் பருமனுக்கு நீளவாக்கில் நறுக்கினால் ஓரமாக வைத்துக் கடைவாயால் மென்றுவிடுவான். கறுக்காமல் இருக்க, ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்புக் கரைத்து நறுக்கியதை ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்து வையுங்கள். வெள்ளரிக்காய்க்கும் அதே வடிவம். இவற்றை மென்றால் பல் தேய்த்த மாதிரி என்று சிலர் சொல்வது மட்டும் சரியில்லை. உமிழ்நீரை ஊறவைக்கும், அவ்வளவுதான். ஈறோரத்தில் படிந்த படலத்தைக் கொய்யாவால் எடுக்க முடியாது.

பள்ளி வாசலில் விற்கும் உப்பு மிளகாய் போட்ட மாங்காய்க் கீற்றும் நெல்லிக்காயும் சர்க்கரைச் சொத்தையைக் கொண்டுவருவதில்லை. அவற்றின் புளிப்பு எனாமலை நேரடியாகச் சற்று இளக்கும் என்பதால், தின்றதும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பிரஷ் போட வேண்டும். கோலா பானங்களில் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்தே வருகின்றன, அவை வேறு ரகம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யும் 2025 மே மாதம் தன் பள்ளிகளில், எதில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்க இவை உதவும். பிறந்தநாள் சாக்லேட்டுக்கும் அங்கேயே ஒரு முடிவு எடுக்கலாம்: நாற்பது பேர் வகுப்பில் வருஷத்துக்கு நாற்பது சாக்லேட். பென்சிலாக மாற்றலாம், அது ஒத்துவராவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லலாம்.

தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் மட்டுமே இருக்கட்டும். தீனி முடிந்ததும் ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் பத்து எண்ணும்வரை அலசி விழுங்கச் சொல்லிப் பழக்கினால், துப்ப இடம் தேட வேண்டியதில்லை, டீச்சரிடம் அனுமதியும் வேண்டாம்.

பற்பசையில் எனாமலை உறுதியாக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இந்தியாவில் 1,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரை அனுமதி. படம் போட்ட குழந்தைப் பற்பசைகள் பலவற்றில் அதைவிடக் குறைவு, சிலவற்றில் அறவே கிடையாது. 1,000 உள்ளதையே மூன்று வயதுக்குள் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவும் வைத்தால் போதும். நுரையைத் துப்பிவிட்டு, மேலும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட வேண்டும், இல்லையென்றால் வைத்த ஃப்ளோரைடு அப்படியே வாஷ்பேசினுக்குப் போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே பல்லைக் கெடுக்கும் அளவுக்கு ஃப்ளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆழ்குழாய்த் தண்ணீரையே குடிக்கும் வீட்டில் சிறுபிள்ளை பற்பசையை விழுங்குகிறதென்றால் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அளவை முடிவு செய்யுங்கள். ஏழெட்டு வயதுவரை ராத்திரி பிரஷ் பெரியவர் கையில் இருக்க வேண்டும். அதுவரை பிள்ளையின் கை கடைவாயின் உள்பக்கம் போகாது.

மாதம் ஒருமுறை வாயைப் பார்ப்பது எளிது. ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் பிடித்து, மேலுதட்டைத் தூக்குங்கள். சுத்தமான கைக்குட்டையால் பல்லைத் துடைத்து ஈரம் போக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியாத சுண்ணாம்புத் திட்டு காய்ந்ததும் ஈறோரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதுதான் சொத்தையின் முதல் கட்டம். ஓட்டை விழாதவரை, பல் மருத்துவர் பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷாலும், தின்னும் தடவைகளைக் குறைப்பதாலும் அதை நிறுத்திவிடலாம். அடுத்து, இரண்டு பால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம். அங்கே மேற்பரப்பு முழுசாக இருந்தும் அடியில் சாம்பல் நிழல் தெரிந்தால் உள்ளே குடைந்துவிட்டது என்று அர்த்தம். ‘விழப்போகிற பல்தானே’ என்று விடக்கூடாத இடம் இது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்னாலேயே பிடுங்க நேர்ந்தால் பின்பற்கள் நகர்ந்துவந்து, வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே ஒரு பல் முளைக்கும். விழாமல் வந்ததால் அதையும் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். ஈறைக் கிழித்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல ஏறும், மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமல் தாண்டிப் போகும், பள்ளங்களோ ஆழம். பிரஷைக் குறுக்காகக் கன்னப்பக்கமிருந்து நுழைத்து அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்க்க வேண்டும். பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு இருக்கிறது. துளை போடுவதில்லை, வலியில்லை. பல் முழுக்க உலர்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும் என்பதால், மேலே மூடியிருக்கும் ஈறுத் துண்டு விலகும்வரை மருத்துவர் காத்திருக்கச் சொல்லலாம். அந்த இடைவெளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் போட்டுக்கொள்ளலாம். பூசிய பிறகு பூச்சு எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் பார்க்கச் சொல்லுங்கள்.